பைப்படி வெயில்

பஞ்சாலை அக்காவின் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை விளக்கைப் போட்டது. மணி காலை பதினொன்று. வெளியே செம்மண் பாதை கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நாற்காலி எது, ஆள் எது என்று தெரியவில்லை. மூன்று ஜன்னல்களிலும் கறுப்புப் பிளாஸ்டிக் ஆணியடித்திருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்று வளர்க்கும் பைகளை வெட்டிப் பிரித்து, ஓரம் மடித்து, அவளே அடித்தது. ஓர் ஓட்டைகூட இல்லை.

"யாரு?" என்றது மூலையில் இருந்த நாற்காலி.

"பெர்னதெத். உங்க மகன் சத்தியசீலன் அனுப்புனாரு. முழங்காலுக்குப் பயிற்சி குடுக்க."

"லைட்ட அணைச்சிட்டு உக்காருங்க மிஸ்ஸி. பகல்லயே லைட்டா?"

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நர்சை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை. முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவள். அதற்கென்று முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். ஓய்வு பெற்ற பிறகு வீடு வீடாகப் போகிறேன். இதையெல்லாம் விளக்கினாலும் மிஸ்ஸிதான். அதனால் விளக்கவில்லை. விளக்கை அணைக்கவும் இல்லை.

வெளிச்சத்தில் ஆளைப் பார்த்தேன். எழுபத்தொரு வயது. ஒரு காலத்தில் நல்ல கறுப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது பலகைக்கு அடியில் கிடந்த புல்லின் நிறம். இரண்டு முழங்காலும் வீங்கி, உள்பக்கம் சாய்ந்திருந்தன. தொடையைப் பிடித்துப் பார்த்தேன். தசை இருக்க வேண்டிய இடத்தில் தோல் ஆடியது.

"எழுந்து நில்லுங்கக்கா."

நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, மூன்றாவது முயற்சியில் எழுந்தாள். முகத்தில் வலி தெரியாதபடி பார்த்துக்கொண்டாள். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்கு வேலை அதிகம்.

கோலா சாவா என்ற சின்ன ஊரிலிருந்து நான்கு மைல் உள்ளே இருக்கிறது அந்தத் தோட்டம். லயம் என்று சொல்லும் பழைய வரிசை வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் கல் வீடுகள் இரண்டு வரிசை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பஞ்சாலை பிறந்தது அங்கேதான். பதின்மூன்று வயதில் அம்மாவோடு ரப்பர் பால் வெட்டப் போனாள். இருட்டில் கிளம்பி, ரப்பர் மர நிழலில் வேலை செய்து, பதினொரு மணிக்கு முன்பே திரும்பும் வேலை. பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது மருந்தடிக்கும் கேங்குக்கு மாற்றினார்கள். முதுகில் பம்பைச் சுமந்து புல்லுக்கு விஷம் அடிப்பது. முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஒரு சட்டை, தலைக்குத் துண்டு, முகத்துக்குத் துண்டு. வெயில் படுவதற்கு உடம்பில் கண்ணிமை மட்டும்தான் மிச்சம். இருபத்தைந்து வருடம் அந்த வேலை. புருஷன் சர்க்கரை வியாதியில் போனார். ஒரே மகன் சத்தியசீலன் ஜோகூருக்கு லாரி ஓட்டுகிறான். ரஹாங்கில் மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத வீட்டில் இருக்கிறான்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்தேன். முழங்கால் எலும்புக்கு இடையே இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். ரத்தத்தில் வைட்டமின் டி பதினெட்டு என்று எழுதியிருந்தது. ஐம்பதுக்கு மேல் இருக்க வேண்டியது. இந்த நாட்டில், வருடம் முழுவதும் வெயில் அடிக்கிற இடத்தில், பதினெட்டு.

டாக்டர் ஹேமநாதன் சின்ன வயதுக்காரர். ஆனால் பொறுமையாகப் பேசுபவர். அவரிடம் நேரடியாகக் கேட்டேன்.

"மாத்திர சாப்ட்டா தேஞ்சது வளருமா டாக்டர்?"

"வளராது ஆன்ட்டி. யாராச்சும் வளரும்னு சொன்னா நம்பாதீங்க. வைட்டமின் டி கொறஞ்சவங்களுக்கு முழங்கால் வலி அதிகமா இருக்குன்னு பாத்திருக்காங்க. மாத்திர குடுத்தா மூட்டு தேயறது நிக்குமான்னா, அதுல ஆராய்ச்சிங்க ஒத்துப் போகல. ஆனா இவங்களுக்கு இவ்ளோ கொறச்சல். எலும்பும் தொடத் தசையும் வீக்கா இருக்கு. அதான் விழறாங்க. மொதல்ல அத ஏத்துங்க. தொடைக்குப் பயிற்சி குடுங்க. அப்புறம் ஆபரேஷனப் பத்திப் பேசலாம். தெனமும் கை கால்ல கொஞ்ச நேரம் வெயில் படட்டும்."

அப்படியென்றால் நான் செய்ய வேண்டியது தெளிவு. வாரத்துக்கு ஒரு மாத்திரை, தினமும் பயிற்சி, கொஞ்சம் வெயில். இதைவிடச் சிக்கலான வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தியசீலன் தொலைபேசியில் பேசினான். லாரியின் சத்தம் பின்னால் கேட்டது.

"ரெண்டு தடவ விழுந்துட்டாங்க ஆன்ட்டி. மூணாவது தடவ விழுந்தா என்னால முடியாதுலா. என் வீட்டுக்கு மூணு மாடி எப்படி ஏறுவாங்க? புக்கிட் பெலண்டோக்ல ஒரு ஹோம் பாத்து வச்சிட்டேன். நல்ல எடம்தான். நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தேன்.

"நா எங்கயும் வர மாட்டேன்," என்றாள் பஞ்சாலை.

"இங்க என்னக்கா இருக்கு? தனியாத்தான இருக்கீங்க."

"ஒரு ஆளு இருக்கு."

பூனையைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பூனையைக் காணவில்லை.

"அப்ப நடக்கணும். விழக்கூடாது. அது ஒண்ணுதான் வழி," என்றேன்.

"நடக்கறேன்," என்றாள்.

பயிற்சியில் அவளைக் குறை சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டிப் பத்து எண்ணச் சொன்னால் பதினைந்து எண்ணுவாள். பக்கத்து வீட்டு ராக்கம்மா வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

"என்னா பஞ்சால, ஒலிம்பிக்குக்கா?"

"ஒன் வீட்டுக்காரன எட்டி ஒதைக்கறதுக்கு. அவன் சொன்னான், ஒனக்கு ஒதைக்கத் தெரியலியாம்."

"ஒதைக்க நீ வெளிய வரணும்ல? நீ வெளிய வந்தா அன்னிக்கி மழதான்."

இவளுக்கு வெயில் ஆகாது என்பது அந்த வரிசைக்கே தெரியும். துணி துவைத்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் காயப் போடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காரின் பின் சீட்டில் குடையை விரித்துக்கொண்டு உட்காருவாளாம். காருக்குள் குடை. கேட்டால் கண் கூசுது என்பாள்.

வாசல் வரைக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வரவில்லை. பின்பக்கம் என்றேன். வரவில்லை. சரி, மாத்திரையாவது உள்ளே போகட்டும் என்று விட்டேன். அதைக் கையில் கொடுத்தபோது நான் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இது வெயிலோட சத்துக்கா. வெயில்ல நின்னா ஒடம்புக்குள்ள என்ன போகுமோ, அது இந்த மாத்திரைல இருக்கு. நீங்கதான் வெளிய வர மாட்டேங்கறீங்களே. வெயில முழுங்கிடுங்க."

எளிமையாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

எட்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். பதினேழு. ஒன்று குறைந்திருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சாப்புடறாங்களா ஆன்ட்டி?"

வாரத்துக்கு ஒன்று என்பதால் நான் கண்ணால் பார்த்து விழுங்கவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் எடுத்துக்கொள்வதாக அவள் சொன்னாள், நான் நம்பினேன். இல்லத்தில் வேலை செய்தபோது இந்தத் தவற்றுக்கு மற்றவர்களைத் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்கே போனேன். அடுப்படி அலமாரியில், டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால், கழுவிக் காய வைத்த பால் டின் ஒன்று. மூடியாக ஒரு தட்டு. உள்ளே எட்டு மாத்திரை. டின்னோடு கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன்.

"இது என்னக்கா?"

அவள் அதைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

"வெயில முழுங்கச் சொன்னீங்களே மிஸ்ஸி," என்றாள். "நீலாவதிய வெளியிலேருந்து கொன்னுச்சு. என்னைய உள்ளேருந்து கொல்லச் சொல்றீங்களா?"

"நீலாவதி யாரு?"

"இப்ப வந்துருவா. மணி ஆச்சுல்ல."

எழுந்தாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன் ஜன்னலுக்குப் போய், அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்து, கறுப்புப் பிளாஸ்டிக்கில் முகத்தை வைத்தாள். ஓர் ஓட்டைகூட இல்லை என்று நான் சொன்னேனே, அது தவறு. ஒன்று இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆளின் கண் உயரத்தில், ஊதுபத்தியால் சுட்ட அளவில்.

முதியவர்கள் செத்துப்போனவர்களோடு பேசுவது எனக்குப் புதிதல்ல. நான் மறுத்துப் பேசுவதில்லை, கூடச் சேர்ந்து ஆமாம் போடுவதும் இல்லை. கேட்பது ஒரே கேள்விதான். அந்த ஆள் எங்கே நிற்கிறது? கட்டிலுக்குப் பக்கத்திலா, குளியலறை வழியிலா? வழியில் நின்றால் இவர்கள் ஒதுங்குவார்கள். ஒதுங்கினால் விழுவார்கள்.

"எங்கக்கா நிக்கறாங்க?"

"பைப்படில."

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். குனிந்து பார்த்தேன். எதிரே, இரண்டு வரிசை வீடுகளுக்கும் நடுவே, பழைய லயத்தின் பொதுப் பைப் இருந்த சிமெண்டு மேடை. வீடு வீடாகத் தண்ணீர் வந்த பிறகு அதை அடைத்துவிட்டார்கள். துருப்பிடித்த குழாய் மட்டும் முழங்கை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரு நிழல் கிடையாது. உச்சி வெயில் சிமெண்டில் வெள்ளையாக அடித்தது. ஒரு கோழிகூட இல்லை. நான் பார்த்தது அவ்வளவுதான்.

"அன்னைக்கி போட்டிருந்த அதே சட்ட," என்றாள் பஞ்சாலை எனக்குப் பின்னால். "முதுகெல்லாம் ஈரம்."

டின்னை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க," என்றேன்.

அவள் சொன்னதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

எண்பத்தாறாம் வருடம், தீபாவளி முடிந்து இரண்டு வாரம். மருந்தடிக்கும் கேங்கில் ஆறு பெண்கள். நீலாவதி பஞ்சாலையைவிட மூன்று வயது சின்னவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன், பிள்ளை இல்லை. பஞ்சாலை வீட்டில்தான் பாதி நாள் சாப்பாடு. நீலாவதியின் பம்பு அடிப்பக்கம் ஒழுகியது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டியிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். அவர் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டிக்கொடுத்து, இன்னைக்கி இத வச்சி அடி, என்றார். அன்றைக்குக் காலை முழுவதும் மருந்து அவள் முதுகில் இறங்கியது.

பதினொரு மணிக்குத் திரும்பியபோது முதுகு எரியுது என்றாள். நேரே பைப்படிக்குப் போய் வாளியை வைத்தாள்.

"நான்தான் தடுத்தேன்," என்றாள் பஞ்சாலை. "ஒடம்பு கொதிக்குதுடி, கொதிக்கற ஒடம்புல பச்சத் தண்ணி ஊத்துனா ஜன்னி வந்துரும், மொதல்ல வெயில்ல உக்காந்து சட்டைய காய வையி, அப்புறம் குளின்னேன். அவ வாளிய நகத்திட்டு நான் தண்ணி புடிச்சுக்கிட்டேன்."

அதைத் தவறு என்று அன்றைக்கு அந்த லயத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அம்மாவும் அதையேதான் சொல்வார். வேலையிலிருந்து வந்த சூட்டோடு குளிக்கக் கூடாது. உடம்பு ஆறட்டும். எல்லா வீட்டிலும் இருந்த சட்டம் அது. அங்கே வரிசையில் நின்ற பெண்களும் ஆமாமென்றார்களாம்.

நீலாவதி பைப்படி மேடையில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம். ஈரச் சட்டை முதுகிலேயே காய்ந்தது. அப்புறம்தான் குளித்தாள். மூன்றாம் நாள் முதுகு வெந்துபோய்த் தோல் உரிந்தது. ஆறாம் நாள் மூச்சு வாங்கியது. ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். மருந்து தோல் வழியாக இறங்கிவிட்டது என்றார் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர். எப்படி இறங்கியது என்று அவர் சொல்லவில்லை. கருமாதி வீட்டில் பெண்கள் தாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். வெயில்பட்டால் தோல் திறந்துகொள்ளும். திறந்த தோல் வழியாக மருந்து உள்ளே போகும். வெயில்தான் கொன்றது.

அதற்குப் பிறகு அந்தக் கேங்கில் யாரும் வேலை முடிந்து வெயிலில் நிற்கவில்லை. மற்றவர்கள் கொஞ்ச நாளில் மறந்துவிட்டார்கள். பஞ்சாலை மறக்கவில்லை. இருபது வருடம் மேலும் மருந்தடித்தாள், உடம்பில் எவ்வளவு மருந்து ஊறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வெயிலில் போய் நின்றால் தோல் திறந்து அத்தனையும் உள்ளே போகும். இது ஒன்று. இன்னொன்று, வெயிலில் நீலாவதி நிற்கிறாள். லயத்தை இடித்த வருடம் முதல் தினமும் நிற்கிறாள்.

"நா ஹோமுக்குப் போயிட்டா அவ மட்டும் நிப்பா மிஸ்ஸி. பாக்கக்கூட ஆளு இல்ல."

நான் இரக்கப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இவள் இங்கேயே இருக்க வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நடக்க வேண்டுமென்றால் இந்த மாத்திரையை விழுங்க வேண்டும். விழுங்க வேண்டுமென்றால் வெயில் கொல்லவில்லை என்று தெரிய வேண்டும். வெயில் கொல்லவில்லை என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி ஒன்று வரும். அதற்கான பதில் எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் இரண்டாம் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தோலில் விஷம் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று.

பொய் சொல்லலாம். நான் பொய் சொல்லித் தூங்கவைத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களெல்லாம் மறதி வந்தவர்கள். இவளுக்கு மறதி இல்லை. இவளுக்கு இருந்தது நேர் எதிரான வியாதி.

"வெயில் கொல்லலக்கா," என்றேன். "வெயில் பட்டாலும் மருந்து அப்படி உள்ள போகாது. உங்க ஒடம்புல அந்தக் காலத்து மருந்து ஒண்ணும் மிச்சம் இல்ல. வெயில் பட்டா ஒங்களுக்கு நல்லதுதான் நடக்கும்."

அவள் ஓட்டையிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"அப்ப எது கொன்னுச்சு?"

"பம்பு ஒழுகுச்சு."

"பம்பு ஒழுகுனது எனக்குத் தெரியும். முனியாண்டி கட்டுன டியூப நானும் பாத்தேன். நா அதக் கேக்கல. பைப்படிக்கு வந்தப்பறம் எது?"

"ஈரச் சட்ட ஒடம்புலயே இருந்தது. ஒடனே கழட்டி, நெறைய தண்ணி ஊத்தி, சோப்புப் போட்டுக் கழுவியிருக்கணும்."

"கழுவியிருந்தா பொழச்சிருப்பாளா?"

"தெரியாது. காலையிலேருந்து ஒழுகியிருக்கு. லயத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே எறங்கியிருக்கலாம். பொழச்சிருக்கவும் செய்யலாம்."

"தண்ணிக்கு வந்தவள நா மறிச்சேன்."

"ஆமா," என்றேன்.

ராக்கம்மா வீட்டில் மிக்சி ஓடி நின்றது. பஞ்சாலை அழவில்லை. மறுபடியும் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"அவ வெயில்ல நிக்கறான்னு நெனச்சேன் மிஸ்ஸி, இத்தன வருசமும். அவ பைப்புக்கிட்டல்ல நிக்கறா."

பிறகு என்னைப் போகச் சொன்னாள். போனேன். மாத்திரை டின்னை மேஜையிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன்.

வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன். செய்தது சரிதானா என்று யோசித்துப் பார்த்தேன். கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்த பிறகு மறுபடியும் பழைய கட்டைப் போட முடியாது. அவ்வளவுதான். இருந்தாலும் அடுத்த இரண்டு நாளும் தொலைபேசி அடித்தபோதெல்லாம் சத்தியசீலனாக இருக்குமோ, அம்மா விழுந்துவிட்டார் என்று சொல்வானோ என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் போனபோது பஞ்சாலை வாசற்படிக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வாக்கரின் குறுக்குக் கம்பியில் ஒரு காலிப் பெயிண்டு வாளி மாட்டியிருந்தது.

"தண்ணி புடிச்சுக் குடுங்க. குனிய முடியல."

எதற்கென்று நான் கேட்கவில்லை. "அரை வாளிதான். அதுக்கு மேல தூக்கக் கூடாது," என்றேன்.

"குளிக்க அரை வாளி பத்துமா?"

"நாளைக்கும் இருக்குல்ல?"

அதை யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அடுப்படிக் குழாயில் அரை வாளி பிடித்து வாக்கரில் மாட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு ஐந்து. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கையை மடித்துவிடச் சொன்னேன். முதலில் முறைத்தாள், பிறகு மடித்துவிட்டாள். சேலைக் கரையையும் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள்.

வாசற்படியிலிருந்து பைப்படிக்கு என் நடையில் இருபத்திரண்டு அடி. அவளுக்கு அறுபது இருக்கும். முதல் வெயில் பட்டபோது தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள், யாரோ அடிக்கப் போவது போல. நான் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டேன், தொடவில்லை. ராக்கம்மா வாசலில் வந்து நின்றாள். வழக்கமாக ஏதாவது சொல்பவள், வாயைத் திறக்கவில்லை. அவளும் அந்த லயத்தில் பிறந்தவள்தான். அன்றைக்குப் பைப்படியில் உட்கார்ந்திருந்தவள் யார் என்று அவளுக்கும் தெரியும்.

மேடைக்குப் பக்கத்தில் வாக்கரை நிறுத்தினாள். வாளியைக் கழற்ற நான் உதவினேன். ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியை மேடை ஓரத்தில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"சட்டையக் கழட்டிட்டு ஊத்திக்கடி," என்றாள். சாதாரணமாக, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போல. "யாரும் பாக்கல. ஒடம்பு ஆறியிருக்கும் இந்நேரம்."

அந்தச் சிமெண்டில் தண்ணீர் ஓடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக வந்து, நடுவில் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு குழாயடியில் மறுபடியும் சேர்ந்து ஓடியது. பிரிந்த இடத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு வட்டமாகக் காய்ந்திருந்தது. மேடையில் அங்கே மேடு இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். மேடுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி உள்ளே வந்தபோது மொத்தம் பதினோரு நிமிடம் வெயிலில் இருந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டினாள்.

"குடுங்க."

மாத்திரையைக் கொடுத்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியிலும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அரை வாளி. நான் வராத நாளில் ராக்கம்மா தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். கேலி இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

"பஞ்சால, இன்னைக்கி சோப்பு போடலியா அவளுக்கு?"

"நீ கொண்டாந்து போடு. ஒன் வீட்டு வாசன சோப்பு."

மறுநாள் ராக்கம்மா உண்மையிலேயே ஒரு சோப்பைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்தாள். யாரும் அதை எடுக்கவில்லை. மழையில் கரைந்து போயிற்று.

மூன்று மாதம் கழித்து வைட்டமின் டி அறுபத்தொன்று. இதில் முக்கால்வாசி மாத்திரையின் வேலை என்று எனக்குத் தெரியும். பதினோரு நிமிட வெயில் அவ்வளவு ஏற்றாது, அதுவும் இந்த வயதில், இந்தத் தோலில். முழங்கால் படம் எடுத்தார்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான், ஒரு மயிரளவும் மாறவில்லை. ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. வலது முழங்காலுக்கு அடுத்த வருடம் ஆபரேஷன் தேதி கொடுத்தார் டாக்டர் ஹேமநாதன்.

"வெயில்ல என்னா செய்றாங்க?" என்று கேட்டார். "சும்மா உக்காந்திருக்காங்களா?"

"தண்ணி ஊத்தறாங்க."

"செடிக்கா? நல்லதுதான்."

நான் திருத்தவில்லை.

சத்தியசீலன் புக்கிட் பெலண்டோக் இல்லத்துக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு நேரில் வந்து அம்மாவைப் பார்த்தபோது ஜன்னல்களைப் பார்த்துத் திகைத்து நின்றான். முன் ஜன்னலின் பிளாஸ்டிக்கை அவள் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டிருந்தாள். அந்த ஒன்றை மட்டும். மற்ற இரண்டும் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கின்றன. நானும் வற்புறுத்தவில்லை. ஆணிகள் எனக்கு எட்டாத உயரம்.

"அம்மா, இனிமே பயமில்லியா?" என்று கேட்டான்.

"எதுக்குப் பயம்?" என்றாள். "செத்தவகிட்ட என்னா பயம்? உயிரோட இருந்தப்ப நான் சொன்னதக் கேட்டாளே, அதான் பயம்."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நீலாவதி செத்தபோது அவனுக்கு எட்டு வயது. பைப்படியில் ஒரு சித்தி உட்கார்ந்திருந்தது அவனுக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

போன வாரம் போயிருந்தேன். முடித்துவிட்டுக் கிளம்பும் முன் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை. ஆபரேஷன் முடிந்து வந்தால் முதல் ஆறு வாரத்தில் விழுந்தால் எல்லாம் போச்சு.

"இன்னும் வர்றாங்களாக்கா?"

"வர்றா," என்றாள் பஞ்சாலை. "முன்னெல்லாம் நிப்பா. இப்ப உக்காந்திருக்கா."

"எந்தப் பக்கம்?"

"பைப்புக்கு எடப்பக்கம். தல காய வச்சிக்கிட்டு."

"அப்படின்னா வாக்கர வலப்பக்கமாவே கொண்டுபோங்க. இடிச்சிக்காதீங்க."

"அது எனக்குத் தெரியாதா மிஸ்ஸி," என்றாள்.

பஸ்ஸுக்குப் போகும் வழி அந்தப் பைப்படியைத் தாண்டித்தான். மணி பன்னிரண்டரை. மேடை ஈரமாக இருந்தது, நடுவில் மட்டும் காய்ந்திருந்தது. நான் வலப்பக்கமாகவே போனேன்.